உவர் என்று எழுதினேன்

மேளம் நடக்கிற இடத்தில் நின்று கலியாணப் பேச்சுக் கதைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாகசுரமும் தவிலும் சேர்ந்து ஒலிப்பதை எங்கள் பக்கத்தில் மேளம் என்போம். தெல்லிப்பழைக்கு அருகே எங்கள் வீடு; மதிலுக்கு அந்தப் பக்கம் கோயில். திருவிழாக் காலத்தில் குசினிக்குள் நின்றாலும் தவில் கேட்கும். அகப்பையை வைத்துவிட்டு ஓடிப்போனால், அங்கே வித்துவான் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருப்பார். அவருக்கு இரண்டடி தள்ளி நின்று ஒருவர் யாரோ ஒருவரின் சாதகக் குறிப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். முறைத்துப் பார்த்தும் பயனில்லை. "பிள்ளைக்கு என்னவாம்?" என்று என்னையே கேட்பார்கள்.

அந்தக் கோபத்தில்தான் குழுமத்தைத் தொடங்கினேன். மேளத்தைக் கேட்க மட்டுமே வருகிறவர்களுக்கு முகநூலில் ஓர் இடம். திருவிழாக்களில் போனில் எடுத்த ஒளித்துண்டுகளைப் போடலாம். தாளக் கணக்குப் பேசலாம். பிடித்த வித்துவானைப் புகழலாம். முதலில் எங்கள் வலிகாமத்து ஆட்கள் வந்தார்கள். பிறகு ரொறொன்ரோவிலும் சுவிசிலும் இருந்து வந்தார்கள். கும்பகோணத்துப் பக்கமிருந்து ஒருவர் வந்து, தன் நண்பர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் வருடத்தில் குழுமத்தில் சேரக் கேட்பவர்களை அனுமதிப்பதே எனக்குக் காலைத் தேத்தண்ணியோடு செய்யும் வேலையாகிவிட்டது.

என் பெயரை அங்கே போடவில்லை. படமும் ஒரு தவிலின் படம். அதனால் எல்லோரும் என்னை "அண்ணை" என்றார்கள். நான் திருத்தவில்லை. அண்ணையாக இருந்து தாளக் கணக்குச் சொன்னால் கேட்கிறார்கள். அக்காவாக இருந்து அதையே சொன்னால், "அக்காவுக்கு மேளத்திலை நல்ல விருப்பம் போலை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இதைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். பரிசோதிப்பதே என் தொழில். யாழ்ப்பாணம் நகரத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிறேன். அங்கே ஒரு முடிவு சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிழை. நடுவில் ஒன்றுமில்லை. அந்தப் பழக்கம் எனக்கு வாயிலும் இருக்கிறது.

குழுமத்தில் மயிலிட்டிக்காரர் ஒருவர் இருந்தார். கடற்றொழிலாளி. அவருடைய படத்தில் ஒரு போட்டின் முனையும், அதில் ஒட்டியிருந்த மாதா படமும் தெரியும். கோயில் மேளத்துக்கு இப்படிப் பைத்தியமான வேதக்காரரை, அதாவது கிறிஸ்தவரை, நான் அதற்கு முன் கண்டதில்லை. எங்கே திருவிழா என்றாலும் மோட்டார் சைக்கிளில் போய் வெளிவீதியில் நின்று பதிவு எடுப்பார். எல்லோருடைய பதிவிலும் காற்று இரையும், ஜெனரேட்டர் உறுமும். அவருடைய பதிவில் தவிலின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்கும். எப்படி என்று கேட்டதற்கு ஒருமுறை எழுதினார்: போனின் அடிப்பக்கத்தில் பழைய துணி ஒன்றை இரண்டு சுற்றுச் சுற்றி, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாராம். "காத்து எங்காலை வருதெண்டு பாக்கிறதுதானே எங்கடை வேலை" என்று சேர்த்திருந்தார்.

அவரை வைத்து ஒரு பகிடியும் ஓடிக்கொண்டிருந்தது. ஆம் என்பதற்கு நாங்கள் ஓம் என்போம். அவருடைய போன் "ஓம்" என்று எழுத விடாது, ௐ என்ற குறியைத் தானே போட்டுவிடும். "அண்ணை, இது நல்லூர்ப் பக்கம் எடுத்ததோ?" என்று யாராவது கேட்டால், கீழே பெரிதாக ஒரு ௐ நிற்கும். கும்பகோணத்துக்காரர், "ஐயா பெரிய பக்திமான்" என்று கைகூப்பினார். "நான் வேதம் தம்பி, உது போன் செய்யிற வேலை" என்று இவர் பதில் போட்டார். அதற்குக் கீழே யாரோ, "அப்ப போன்தான் சைவமோ?" என்று கேட்க, திரும்பவும் ஒரு ௐ. நாள் முழுக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார். அது நல்ல சிரிப்பு.

ஒரேயொரு குறை. அவருடைய பதிவுகள் எல்லாமே பாட்டின் நடுவில்தான் தொடங்கும். "துவக்கத்திலை இருந்து எடுக்க மாட்டீங்களோ அண்ணை?" என்று பலர் சலித்திருக்கிறார்கள். "இனிப் பாப்பம்" என்பார். அடுத்ததும் நடுவில்தான் தொடங்கும். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

எங்கள் கோயில் கொடியேறி ஐந்தாம் நாள் பகல் திருவிழா. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு உள்ளே வசந்த மண்டபத்துக்குப் பக்கத்தில் நின்றேன். சிறப்பு மேளத்துக்கு வந்திருந்த தவில் வித்துவான் மிக இளையவர். என்ன கை அது. ஒரு மணி நேரம் நான் இமைக்கவே இல்லை. அன்று பின்னேரம் ஆய்வுகூடத்துக்குப் போய் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மயிலிட்டிக்காரரின் பதிவு வந்து விழுந்தது. கூடவே இப்படி எழுதியிருந்தார்: "தம்பியின்ரை கை நல்ல கை. கடைசித் தீர்மானம் மட்டும் அரைத் தட்டுப் பிந்திப் போச்சு. நாலு தரம் போட்டுப் பாத்தனான்."

தீர்மானம் என்பது தவில்காரர் தன் வாசிப்பை முடித்துக் கொண்டுவந்து சேர்க்கும் சொற்கட்டு. அது பாட்டு தொடங்கும் இடத்தில் வந்து விழ வேண்டும். பெரும்பாலான பாட்டுகள் தாளத்தின் முதல் தட்டில் தொடங்கும். சில பாட்டுகள் அரைத் தட்டுத் தள்ளித் தொடங்கும். பாட்டு தொடங்கும் அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். அன்றைய பாட்டின் எடுப்பு அரைத் தட்டுத் தள்ளித்தான். ஆகவே வித்துவான் பிந்தவில்லை, விழ வேண்டிய இடத்தில்தான் அச்சொட்டாக விழுந்தார். இதில் சந்தேகமே இல்லை. நான் அப்போதும் சரி, இப்போதும் சரி.

"எடுப்பைப் பாருங்கோ அண்ணை, அரை இடம் தள்ளி" என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கோ நெஞ்சு கொதித்தது. ஓர் இளம் கலைஞன் இப்படி வாசித்துவிட்டுப் போக, அதில் போய்ப் பிழை பிடிக்கிறாரே என்று. கையுறையைக் கழற்றிவிட்டு ஒரே மூச்சில் எழுதினேன்:

"உவர் ஆர் வித்துவானுக்குத் தாளம் சொல்லிக் குடுக்க? எடுப்பெண்டால் என்னெண்டு உவருக்கு ஆராவது சொல்லிவிடுங்கோ."

உவர் என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தூரத்தில் நிற்பவர் அவர். பக்கத்தில் நிற்பவர் இவர். இரண்டுக்கும் நடுவில், உங்கள் பக்கமாக, நான் சொல்வது காதில் விழும் தூரத்தில் நிற்பவர் உவர். யாழ்ப்பாணத்தில் நாள் முழுக்கப் புழங்கும் சொல். "உவர் வெளிக்கிட்டாச்சோ?" என்று அயலவர் என் கணவரைப் பற்றிக் கேட்பார்; அதில் குற்றமில்லை. ஆனால் ஆளை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு, அவரோடு கதைக்காமல், சுற்றி நிற்பவர்களிடம் "உவர் ஆர்?" என்று கேட்டால் அது வேறு. கடைசியில் "ர்" நிற்கும். மரியாதை குறையாது. ஆள் மட்டும் குறைந்துபோவார். இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தருவதில்லை, தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது.

கும்பகோணத்துக்காரருக்கு அது விளங்கவில்லை. கள்ளமில்லாமல் கேட்டார்: "உவர்னா என்னங்க? எங்க ஊர்ல உவர் மண்ணுன்னு சொல்லுவோம், உப்புப் பூத்த மண்ணு." சுவிசில் இருந்து ஒருவர் அவருக்கு அவர், இவர், உவர் என்று விளங்கப்படுத்தினார். அதற்குக் கீழே இன்னொருவர் எழுதினார்: "ஆள் கடற்கரை ஆள்தானே. உப்பு மண் எண்டாலும் பொருந்தும்."

அவ்வளவுதான். சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. ஒருவர் கருவாடு என்றார். ஒருவர், தவிலை விட்டுவிட்டு வலையை இழுக்கச் சொல்லுங்கோ என்றார். மயிலிட்டிக்காரர் அங்கேயே இருந்தார். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தது. ஒவ்வொன்றும் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

உப்பு மண் என்று எழுதப்பட்டதற்கு நானும் ஒரு சிரிப்பு முகம் போட்டேன். இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். விட்டால், மிச்சத்தை எழுதுவதில் அர்த்தமில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுதினார்: "சரி. போட்டு வாறன்." பிறகு அவருடைய பெயர் குழுமத்தில் இல்லை.

போய்விட்டு வருகிறேன் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வராமலே விடப்போகிறவரும் அப்படித்தான் சொல்வார். கும்பகோணத்துக்காரர் மட்டும், "புதுசா ஏதாச்சும் கிளிப் போட்டுட்டு வர்றாரா? வரட்டும் வரட்டும்" என்று எழுதிவிட்டுக் காத்திருந்தார். அவருக்கு நான் பதில் போடவில்லை.

இரண்டு நாட்கள் எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பிழையைப் பிழை என்று சொன்னேன், மனுசனுக்கு ரோசம், போய்விட்டார் என்று இருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் விடாமல் கிணுகிணுத்தது. கை ஈரம். "என்ன எழுதியிருக்கினம் எண்டு ஒருக்கா வாசியுங்கோ" என்று கணவரிடம் கொடுத்தேன். அவருக்குத் தவிலும் ஒன்று, தண்ணீர்ப் பம்பும் ஒன்று, இரண்டும் சத்தம். குசினிக் கதிரையில் உட்கார்ந்து, அந்தப் பதிவை மேலிருந்து கீழாக, மின்சார பில் வாசிக்கிற குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

உவர் ஆர். உப்பு மண். கருவாடு. வலையை இழுக்கச் சொல்லுங்கோ. என் வீட்டுக் குசினிக்குள், ஒரு மனிதக் குரலில் கேட்டபோது எனக்குக் காது கூசியது.

"முதல் எழுதினது நீரோ?" என்று கேட்டார்.

"ஓம். அவர் சொன்ன கணக்குப் பிழை."

"கணக்கு எனக்கு விளங்காது. அந்த மனுசன் உதிலை கதிரையிலை இருந்திருந்தால் இப்பிடிச் சொல்லியிருப்பீரோ?"

"பிழையெண்டு சொல்லியிருப்பன்."

"அது சொல்லுவீர். எனக்குத் தெரியும். இப்பிடிச் சொல்லியிருப்பீரோ?"

நான் கத்தரிக்காயை வெட்டினேன். தேவைக்கு மேலே வெட்டிவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. இவர் போனை மேசையில் வைத்துவிட்டுப் பம்பைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு மனிதர் வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தால் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் நான் சண்டையே பிடிப்பேன். இங்கே அவரைச் சபை நடுவில் நிற்க வைத்து, அவர் இல்லாதது போலக் கதைத்திருக்கிறேன். கோயிலில் தவிலுக்குப் பக்கத்தில் நின்று கதைக்கிறவர்களைத் திட்டித் தொடங்கிய குழுமம் அது. வெட்கமாக இருந்தது. உண்மையான வெட்கம், முகம் சூடாகிற வெட்கம்.

அன்று பின்னேரமே ரொறொன்ரோவில் இருக்கும் மற்ற அட்மினுக்கு அழைப்பு எடுத்தேன். என்னைப் பெண் என்று அறிந்த ஒரே ஆள் அவர். பதிவில் நடந்ததைச் சீராக்க வேண்டும், அவரைத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்றேன்.

"உதுக்கேன் மினக்கெடுறீங்கள் தங்கச்சி? அந்தப் பதிவை அழிச்சுவிட்டால் முடிஞ்சுது."

"அழிச்சால் அவருக்கு நடந்தது இல்லையெண்டு ஆகுமே?"

"அவர் எங்கடை ஆக்களும் இல்லைத்தானே. விடுங்கோ."

எங்கடை ஆக்கள். வெளியாருக்கு இது சும்மா ஒரு சொல். எங்களுக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். யார் வீட்டில் யார் செம்பில் தண்ணீர் குடிக்கலாம் என்பதிலிருந்து எல்லாமே அந்த இரண்டு சொல்லுக்குள் மடிந்து கிடக்கிறது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. "அண்ணை, எங்கடை ஆக்கள் எண்டால் இந்தக் குழுமத்திலை மேளம் கேக்கிறவைதான். வேறை ஆக்கள் எனக்கு இல்லை" என்றேன். அந்தப் பக்கம் விடிந்துகொண்டிருந்தது. அவர் வேலைக்கு வெளிக்கிட வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு உட்கார்ந்து எழுதினேன். முதல் முறை எழுதியதில், "உவர் என்பது மரியாதைச் சொல்லே, விகுதியைக் கவனிக்கவும்" என்று ஒரு வரி இருந்தது. வாசித்துப் பார்த்துவிட்டு, சீ என்று அழித்தேன். இரண்டாம் முறை "ஆனால்" என்று ஒரு சொல் வந்தது. அதையும் அழித்தேன். கடைசியில், அதே பதிவின் கீழே, அதே இடத்தில், எல்லோரும் பார்க்க இதைப் போட்டேன்:

"மயிலிட்டி அண்ணைக்கு. உங்களை முன்னால் வைத்துக்கொண்டு உங்களைப் பற்றி மற்றவர்களோடு கதைத்தேன். அதிலிருந்துதான் மற்ற எல்லாம் வந்தது. உப்பு மண் என்று எழுதியதற்கு நானும் சிரித்தேன். இரண்டும் அசிங்கம். மன்னித்துக்கொள்ளுங்கள். தாளக் கணக்கில் நான் சொன்னது சரிதான். சொன்ன விதம் முழுப் பிழை. இனி இங்கே ஒருவரைப் பற்றிக் கதைப்பது இல்லை, ஒருவரோடு கதைப்பது மட்டும்தான். முடியாதவர்களுக்கு வாசல் திறந்திருக்கிறது."

உப்பு, கருவாடு, வலை எல்லாவற்றையும் தூக்கினேன். என்னுடைய உவரை மட்டும் அப்படியே விட்டேன்; மன்னிப்புக்கு மேலே அது நிற்கட்டும். கருவாடு என்று எழுதியவர் சண்டைக்கு வந்தார், பிறகு போய்விட்டார். உப்பு மண் என்று எழுதியவர் நாலு நாள் கழித்து, தான் யோசிக்காமல் எழுதிவிட்டதாகப் போட்டார். கும்பகோணத்துக்காரர், "நான் கேட்டதாலதான் இவ்வளவும்" என்று வருந்தினார். கேட்டது பிழையில்லை ஐயா, கேட்காமல் விட்டவர்கள்தான் நாங்கள் என்று அவருக்கு எழுதினேன்.

மயிலிட்டிக்காரர் வரவில்லை. அவருடைய கணக்கு இருந்தது; தனியாக அனுப்பிய செய்தியை அவர் திறக்கவில்லை. தினமும் காலையில் தேத்தண்ணியோடு போனைப் பார்ப்பேன். சேரக் கேட்டவர்கள் வரிசையில் போட்டின் முனை இருக்காது. எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை தேர்த் திருவிழா. அதே இளம் வித்துவான்தான் தேருக்கும் வாசிக்கிறார். மயிலிட்டிக்காரர் என்னை வெறுக்கலாம், குழுமத்தை வெறுக்கலாம். அந்தக் கையைக் கேட்காமல் வீட்டில் இருக்க அவரால் ஏலாது. இது எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னாலும் ஏலாது.

தேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் வெளிவீதி முழுக்கச் சனம். நான் உள்ளே போகவில்லை. வெளியே, தண்ணீர்ப் பந்தலுக்கும் பூவரசு வேலிக்கும் நடுவில், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தேன். வடக்கே கடல் பக்கமிருந்து வந்தது. அதற்கு முதுகைக் காட்டி நிற்கிறவர்களைத் தேடினேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைச் சேட்டும் சாரமும் உடுத்தபடி நின்றார். கையில் துணி சுற்றிய போன்.

பக்கத்தில் போய் நின்றேன். என்னை அவருக்குத் தெரியாது. அப்படியே பேசாமல் நின்றுவிட்டுப் போயிருக்கலாம்.

"அண்ணை மயிலிட்டியோ?"

"ஓம்."

"மேளம் எடுத்துப் போடுறனீங்கள் எல்லே?"

"முந்திப் போட்டனான். இப்ப எனக்கு மட்டும் எடுக்கிறன்."

"நான்தான் அண்ணை அந்த அட்மின்."

என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "அவர் ஆம்பிளையெல்லே?"

"இல்லை. நான்தான்."

"உவர் எண்டு எழுதினது?"

"நான்தான். அங்கை மன்னிப்புக் கேட்டு எழுதினனான். நேரிலையும் கேக்கிறன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

போனை மற்றக் கைக்கு மாற்றினார். "எழுதினது பாத்தனான். மகள் காட்டினவ. நல்லாத்தான் எழுதியிருந்தீங்கள்."

"பிறகேன் வரேல்லை?"

"மன்னிப்புக் கேக்கிற இடத்திலையும் கணக்கிலை நான் சரியெண்டு ஒரு வரி போட்டிருந்தீங்கள். அது என்ன மன்னிப்புப் பிள்ளை? அது சோதினைப் பேப்பருக்கு மாக்ஸ் போடுறது."

என் வாய் திறந்தது. கணக்கில் நான் சரிதானே. எட்டுத் தட்டு, எடுப்பு அரை இடம், எல்லாம் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றன. வாயை மூடினேன். என் வாழ்க்கையில் செய்த கடினமான வேலைகளில் அது ஒன்று. அதற்குப் பதிலாக, இத்தனை வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணை, உங்கடை கிளிப் எல்லாம் ஏன் நடுவிலை துவங்குது?"

அவர் சிரித்தார். "போட் கரைக்கு வந்து, மீன் இறக்கி, வலை கழுவி, நானும் குளிச்சு வெளிக்கிட்டு வர பாட்டுத் துவங்கியிடும். என்னெண்டு துவக்கத்தை எடுக்கிறது? இண்டைக்கு ஞாயிறு, தொழில் இல்லை. மாதா கோயிலிலை முதல் பூசை கண்டிட்டு நேரை வந்தனான். இண்டைக்குத்தான் முழுக்கக் கேக்கப்போறன்."

அந்த நேரம் நாகசுரம் தொடங்கியது. ராகம் முடிந்தது, தவில் ஒரு சிறிய உருட்டு உருட்டியது. பிறகு அதே பாட்டு. மயிலிட்டிக்காரரின் இடக்கை தொடையில் தாளம் போட்டது. முதல் தட்டு விழுந்தது, பாட்டு வரவில்லை. அரைத் தட்டுக் கழித்து வந்தது. கை ஒரு கணம் நின்றது. அடுத்த சுற்று. முதல் தட்டு விழுந்தது, அரைத் தட்டுக் கழித்துப் பாட்டு.

"அண்டைக்கும் உந்தப் பாட்டுத்தானோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. உந்தப் பாட்டுத்தான்."

இன்னும் மூன்று சுற்றுக்குத் தாளம் போட்டுப் பார்த்தார். "அப்ப தம்பி பிந்தேல்லை," என்றார் பிறகு. "நான் துவக்கம் கேக்கேல்லை."

"நானும் கேக்கேல்லை அண்ணை," என்றேன். "உங்களை."

அவருக்கு அது விளங்கியது. தலையை ஆட்டினார். ஐந்தாம் நாள் நான் வசந்த மண்டபத்துக்குப் பக்கத்தில், முதல் சுரத்திலிருந்து நின்று கேட்டவள். அவர் பாதியில் ஓடிவந்து வீதியில் நின்று கேட்டவர். அப்படிக் கேட்டுமே அரைத் தட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். எங்கள் குழுமத்தில் எத்தனை பேரால் அது முடியும்? அன்றைக்கே அவரிடம் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னேன். "உதைக் கண்டுபிடிக்கிறதுக்கே ஒரு காது வேணும் அண்ணை." அவர் போனைச் சரிசெய்வது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தவில் தனியாக ஒலிக்கத் தொடங்கியது. நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு தொடையில் தாளம் போட்டோம். எங்களுக்குப் பின்னால் யாரோ தேர்ச் சில்லைப் பற்றிக் கதைக்க, இருவருமே ஒரே நேரத்தில் திரும்பி முறைத்தோம். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது தண்ணீர்ப் பந்தல் பக்கமிருந்து ஒரு பெண் இரண்டு குவளை மோருடன் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. ஒரு குவளையை அவரிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, நான் அங்கே நிற்கும்போதே, அவரிடம் கேட்டார்:

"ஆர் உவ?"

சுருக்கென்றது. ஒரு பெண் தன் புருசனிடம் சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். ஆனாலும் என் காதில் விழும் தூரத்தில் என்னைப் பற்றிக் கேட்ட அந்த உ, நான் எழுதிய உ. இந்த மனிதர் சொல்லப்போகும் பதிலுக்காகக் காத்து ஒரு வீதிச் சனத்துக்கு நடுவில் நின்றேன். அட்மின் என்று சொல்லலாம். உப்பு மண் என்று எழுதியதற்குச் சிரித்தவள் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை.

அவர் தவிலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. தீர்மானம் வந்துகொண்டிருந்தது. அது அரை இடம் தள்ளி, விழ வேண்டிய இடத்தில் விழும் வரைக்கும் பொறுத்திருந்து, தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"எங்கடை ஆள்."

அந்தப் பெண் என் பொட்டைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு மற்றக் குவளையை என்னிடம் நீட்டி, "அப்பிடியோ?" என்று என்னையே கேட்டார்.

"ஓம்," என்று வாங்கிக் குடித்தேன்.